‘மே’ என்னும் ஒரு சொல்

ஆங்கில பாஷையில் மூன்றே எழுத்துக்கள் கொண்ட வினைச்சொல் ஒன்று உண்டு. ‘மே’ என்பது அது. நம் நாட்டுப் பிள்ளைகள் வகுப்பின் வாசற்படியில் நின்று முதன்முதலாகப் பிழையின்றிச் சொல்லக் கற்கும் ஆங்கில வாக்கியம் ‘மே ஐ கம் இன், ஸார்?’ என்பதே. அதன் பொருள் விளங்காத வயதிலும், அதைச் சொன்னால் உள்ளே விடுவார்கள் என்பது மட்டும் குழந்தைக்கு விளங்கிவிடுகிறது. இத்தனை சாதாரணமான சொல்லைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். இச்சொல்லை ஒரு சட்டத்தில் வைத்திருப்பதா, எடுத்துவிட்டு வேறொரு சொல்லை வைப்பதா என்று இத்தேசத்துப் பார்லிமெண்டில் 1963-ம் வருஷம் பெரிய வாதம் நடந்தது. அந்த வாதம் தீராமல் வீதிக்கு வந்தது. வீதியில் உயிர்கள் போயின. ஆகவேதான் எழுதுகிறோம். ஆயினும் பார்லிமெண்டுக்குப் போகுமுன், இச்சொல் வீட்டிலும் ஆபீஸிலும் எப்படி நடமாடுகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சட்டத்தில் அது காட்டும் ஜாலமெல்லாம் வீட்டிலே பழகிய வித்தைதான்.

‘யூ மே கோ’ என்றால் நீ போகலாம் என்று அனுமதி கொடுப்பது. ‘இட் மே ரெய்ன்’ என்றால் மழை வரலாம் என்று ஊகிப்பது. மழைக்கு யாரும் அனுமதி கொடுப்பதில்லை. ‘மே யூ லிவ் லாங்’ என்றால் நீடூழி வாழ்க என்று வாழ்த்துவது. அனுமதி, ஊகம், வாழ்த்து என்ற மூன்று வெவ்வேறு காரியங்களுக்கு ஆங்கிலேயன் ஒரே சொல்லை எடுத்து ஆள்கிறான். இவற்றுள் வாழ்த்தை மட்டும் தமிழ் தனியே பிரித்து வைத்திருக்கிறது. ‘வாழ்க’, ‘வாழிய’, ‘வாழியர்’ என்னும் உருவங்களுக்கு நம் இலக்கணக்காரர்கள் வியங்கோள் என்று பெயரிட்டிருக்கிறார்கள். அனுமதிக்கும் ஊகத்துக்கும் நாமும் ஆங்கிலேயனைப் போலவே ஒரே ‘லாம்’ விகுதியைத்தான் உபயோகிக்கிறோம். நீ போகலாம், மழை வரலாம். இங்கேதான் மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு சௌகரியமும், அந்தச் சௌகரியத்திலேயே ஓர் ஆபத்தும் பிறக்கின்றன. ‘மே’ வருமிடமெல்லாம் ‘லாம்’ போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று அவர் எண்ணிவிடுகிறார். (சித்திரை வைகாசியில் வரும் மே மாதத்துக்கும் இந்த வினைச்சொல்லுக்கும் யாதொரு உறவும் இல்லை. அது லத்தீனிலிருந்து வந்த பெயர்.)

சொல்லின் பூர்வோத்தரத்தை விசாரித்தால் ஆச்சரியமாயிருக்கும். பழைய ஆங்கிலத்தில் இதற்கு வலிமை பெற்றிருத்தல், இயலுதல் என்பதே பொருள். பலத்தைக் குறிக்கும் ‘மைட்’ என்ற பெயர்ச்சொல்லும், ஜெர்மன் பாஷையில் அதிகாரத்தைக் குறிக்கும் ‘மாஹ்ட்’ என்ற சொல்லும் இதன் பங்காளிகள். மனம் குலைந்துபோவதைக் குறிக்கும் ‘டிஸ்மே’ என்னும் சொல்லிலும் இதே வேர்தான் பிரெஞ்சுப் பாஷையின் வழியாக வந்து ஒளிந்துகொண்டிருக்கிறது. வலிமையை இழந்தவன் நிலை அது. இன்று ‘இயலும்’ என்ற பொருளில் ஆளப்படும் ‘கேன்’ என்ற சொல்லுக்கோ ஆதியில் ‘அறிதல்’ என்பதே பொருளாயிருந்தது. அறிந்தவன் இயலுபவனானான், இயலுபவனாயிருந்தவன் வாசற்படியில் நின்று அனுமதி கேட்கிறவனானான். சொற்களின் வாழ்க்கையில் இப்படிப்பட்ட ஏற்ற இறக்கங்கள் சகஜம். தமிழிலும் ‘மாட்டு’ என்பதற்கு இயலுதல் என்ற பொருள் உண்டு; நடக்க மாட்டாத கிழவர் என்றால் நடக்க இயலாதவர். நடக்க மாட்டேன் என்று ஒருவன் சொன்னாலோ அவனுக்குக் கால் வலி என்று நாம் எண்ணுவதில்லை, பிடிவாதம் என்று எண்ணுகிறோம். ‘செய்யலாம்’ என்பதும் ‘செய்யல் ஆம்’, அதாவது செய்தல் ஆகும் என்பதன் சுருக்கமே. ஆகுமா ஆகாதா என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதை அச்சொல் வெளியிடுவதில்லை. ‘மே’யும் வெளியிடுவதில்லை. இந்த மௌனத்தையே நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

பழைய உபாத்தியாயர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பையன் ‘கேன் ஐ கோ அவுட்?’ என்று கேட்டால், ‘உன்னால் போக முடியும், சந்தேகமில்லை, போகலாமா என்று கேள்’ என்று நிறுத்தி வைப்பார்கள். இயலுவது வேறு, அனுமதி பெறுவது வேறு என்று கற்பிப்பது அவர்கள் நோக்கம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இன்று சாதாரணப் பேச்சில் ‘கேன்’ என்றே அனுமதி கேட்கிறார்கள். யாரும் அதைக் குற்றமாக எண்ணுவதில்லை. ‘மே’ மரியாதை மிகுந்த இடங்களில் ஒதுங்கி நிற்கிறது. மரியாதை மிகுந்த இடங்களில்தான் அது அனுமதி என்ற வேஷத்தில் கட்டளையும் இடுகிறது. ஜட்ஜு ஒரு சாட்சியைப் பார்த்து ‘யூ மே கோ’ என்றால், விருப்பமிருந்தால் போ, இல்லையேல் கூண்டிலேயே நில் என்று பொருளல்ல. எஜமானர் வேலைக்காரனிடம் ‘சரி, நீ போகலாம்’ என்று சொல்வதும் அத்தகையதே.

எதிர்மறையில் இச்சொல் செய்யும் குழப்பம் இன்னும் பெரிது. ‘ஹீ மே நாட் கம்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். அவன் வராமலும் இருக்கலாம் என்று ஒரு பொருள். அவன் வரக்கூடாது என்று மற்றொரு பொருள். முதலாவது அவனைப் பற்றிய ஊகம். இரண்டாவது அவனுக்குப் போடும் தடை. எழுத்தில் இரண்டும் ஒன்றே. பேச்சில் குரலின் ஏற்றத் தாழ்வு வித்தியாசத்தைக் காட்டிவிடும். கடுதாசிக்குக் குரல் இல்லை. இங்கே தமிழ் ஆங்கிலத்தைவிடத் தெளிவானது என்று நாம் தயங்காமல் கூறுவோம். வராமலிருக்கலாம் என்பதையும் வரக்கூடாது என்பதையும் ஒன்றாக மயங்கத் தமிழ்க் குழந்தையாலும் முடியாது. ஆனால் ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் எழுதுகிறவர் எந்தப் பொருள் என்று முதலில் தீர்மானித்தாக வேண்டும். தீர்மானிக்கச் சோம்பினால், தடையுத்தரவு ஊகமாகிவிடும், ஊகம் தடையுத்தரவாகிவிடும்.

பத்திரிகைத் தொழிலில் உள்ளவர்களுக்கு மிகவும் பழக்கமான தொல்லை வேறொன்று. ‘மே ஹாவ்’ என்பதும் ‘மைட் ஹாவ்’ என்பதும் ஒன்று போல் தோன்றும். ஒரு படகு கவிழ்ந்த செய்தி வருகிறது. அதில் இருந்தவர் ‘மே ஹாவ்’ மூழ்கியிருக்கிறார் என்றால், அவர் கதி என்னவாயிற்றென்று இன்னும் தெரியவில்லை. ‘மைட் ஹாவ்’ என்று எழுதியிருந்தால், அவர் மூழ்கியிருக்கக்கூடும், ஆனால் பிழைத்துவிட்டார் என்றே நுட்பமறிந்த ஆங்கிலேயன் பெரும்பாலும் எடுத்துக்கொள்வான். அவர் வீட்டாருக்கு இவ்விரண்டும் ஒன்றாகுமா? ஆங்கிலேயர்களே இப்போது இவ்விரண்டையும் கலந்து எழுதத் தொடங்கிவிட்டார்கள் என்பது வாஸ்தவம். தமிழிலோ இந்த ஒரு விஷயத்தில் நமக்குக் கஷ்டம் அதிகம். ‘டாக்டர் அவரைக் காப்பாற்றியிருக்கலாம்’ என்ற வாக்கியத்தைப் படிப்பவர், ஒருவேளை காப்பாற்றிவிட்டாரோ என்றும் எண்ணலாம். காப்பாற்றாமல் விட்டுவிட்டாரே என்று டாக்டரை நிந்திப்பதாகவும் எண்ணலாம். ‘நேற்றே சொல்லியிருக்கலாம்’ என்று வீட்டில் மனைவி சொன்னால் அது ஊகமா, வசையா என்று விளக்க வேண்டியதில்லை. ‘யூ மைட் ஹாவ் டோல்ட் மீ’ என்று ஆங்கிலேய மனைவி சொல்வதும் அதே வசைதான். ஆகவே இத்தகைய செய்திகளில் ‘லாம்’ விகுதியை விட்டுவிட்டு, இன்னும் தெரியவில்லை என்றோ, தப்பிவிட்டார் என்றோ பச்சையாக எழுதுவதே உசிதம். வார்த்தை இரண்டு அதிகமானால் குற்றமில்லை.

இச்சொல் சேர்ந்த தொடர்கள் பல வழக்கத்தில் இருக்கின்றன. ‘கம் வாட் மே’ என்றால் வருவது வரட்டும். ‘பீ தட் ஆஸ் இட் மே’ என்றால் நாம் ‘அது நிற்க’ என்று எழுதுவதைப் போன்றது. ‘மே ஆஸ் வெல்’ என்பதில் ஒரு சலிப்பு இருக்கிறது. இனி வேறு வழியில்லை, அதையாவது செய்துவைப்போம் என்ற பாவம். வக்கீல்கள் தங்கள் வாதத்தைத் தொடங்கும்போது ‘மே இட் ப்ளீஸ்’ என்று ஜட்ஜின் திருவுள்ளத்தை வாழ்த்திக்கொண்டே எழுந்திருக்கிறார்கள். அவர் திருவுள்ளம் மகிழ்வது அபூர்வம் என்பது வேறு விஷயம்.

நிற்க. இந்தியாவின் சர்க்கார் ஆபீஸுகளில் ‘மே’ வாழும் வாழ்க்கை இங்கிலாந்தில் அதற்குக் கிடைத்ததில்லை. கீழ்ப்படியிலுள்ள குமாஸ்தா ஒருவர் மேலதிகாரிக்குக் குறிப்பு எழுதும்போது ‘மனுவை அங்கீகரியுங்கள்’ என்று எழுதத் துணியமாட்டார். ‘மனு அங்கீகரிக்கப்படலாம்’ என்று எழுதுவார். ‘மே பி அப்ரூவ்ட்’. அது யோசனை, விண்ணப்பம், கைகட்டி நிற்கும் மரியாதை மூன்றும் கலந்த ‘மே’. அதன் மேல் மற்றொரு குமாஸ்தா ‘ப்ளீஸ்’ என்று ஒரு சொல்லையும் ஏற்றி வைப்பார். அதிகாரி அதனடியில் கையெழுத்திட்டதும் அதே வாக்கியம், ஓர் எழுத்தும் மாறாமல், கட்டளையாகிவிடுகிறது! இனி, மேலிருந்து கீழே வரும் கடிதத்தைப் பாருங்கள். ‘இது அவசரமாகக் கருதப்படலாம்’, ‘நடவடிக்கை எடுத்த விவரம் தெரிவிக்கப்படலாம்’ என்று எழுதியிருக்கும். கருதாமலும் இருக்கலாமே, தெரிவிக்காமலும் இருக்கலாமே என்று ஒரு தாசில்தார் அர்த்தம் செய்துகொண்டால் அவர் கதி என்னவாகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆக, ஒரே காகிதக் கட்டில் மேலே போகும்போது கெஞ்சுவதும், கீழே வரும்போது மிரட்டுவதும் ஒரே சொல். எந்தப் பொருள் என்பதைச் சொல் காட்டுவதில்லை. எழுதியவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலி காட்டுகிறது. இதைக் கண்டு நகைப்பது எளிது. ஆனால் இந்த ஆபீஸ் பாஷையைக் கற்றவர்களேதான் பிரஜைகளுக்கு நோட்டீஸ் எழுதுகிறவர்களும். பிரஜைக்கோ எந்த நாற்காலி எவ்வளவு உயரம் என்று தெரியாது.

கோர்ட்டுக்கு வருவோம். சட்டத்தில் ‘ஷால்’ என்றால் செய்தே தீரவேண்டும், ‘மே’ என்றால் செய்யவும் செய்யலாம், விடவும் விடலாம் என்பதே பாலபாடம். பாலபாடத்தோடு நின்றவர் கட்சிக்காரருக்கு உதவமாட்டார். 1880-ல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையில் ஜூலியஸ் என்பவருக்கும் ஆக்ஸ்போர்டு பிஷப்புக்கும் நடந்த வழக்கு வக்கீல்கள் எல்லோரும் அறிந்தது. ஒரு பாதிரியார் முறை தவறிய சடங்குகளை நடத்துகிறாரென்றும், அவர்மீது விசாரணைக்கு உத்தரவிட வேண்டுமென்றும் ஜூலியஸ் கேட்டார். பிஷப் இசையவில்லை. சட்டம் பிஷப்புக்கு அதிகாரம் கொடுத்திருந்தது. கடமையென்று விதித்திருந்ததா என்பதே கேள்வி. இத்தகைய சொற்கள் அதிகாரத்தை மட்டுமே தருகின்றன. ஆனால் அந்த அதிகாரம் யாருடைய நன்மைக்காக, எந்த நோக்கத்துக்காக, எந்தச் சந்தர்ப்பத்துக்காகக் கொடுக்கப்பட்டதோ அதைப் பார்த்து, அதிகாரத்தோடு கடமையும் பிணைந்திருக்கிறதா என்று ஆராய வேண்டும் என்று கேர்ன்ஸ் பிரபு வகுத்தார். அந்த வழக்கில் பிஷப்பே ஜெயித்தார். வகுத்த நியாயமோ உலகமெங்கும் அதிகாரிகளைத் தோற்கடித்துக்கொண்டிருக்கிறது.

நமது சுப்ரீம் கோர்ட்டு 1963-ல் ஜோகேந்திர சிங் என்ற உத்தரப் பிரதேச உத்தியோகஸ்தரின் வழக்கில் இந்த நியாயத்தையே அநுசரித்தது. கெஜட்டில் பெயர் வரும் உத்தியோகஸ்தர் ஒருவர் தம்மீதுள்ள குற்றச்சாட்டை டிரிபியூனலின் விசாரணைக்கு அனுப்பும்படி தாமே கேட்டுக்கொண்டால், கவர்னர் அனுப்பலாம் என்பது விதி. ‘அனுப்பலாம்’ என்றுதானே இருக்கிறது, அனுப்ப மறுத்தோம் என்றது சர்க்கார். அந்த விதி உத்தியோகஸ்தரின் நன்மைக்காக ஏற்பட்டது. அவர் கேட்டால் அனுப்பியே ஆகவேண்டும். இங்கே ‘மே’ என்பது ‘மஸ்ட்’ என்றது கோர்ட்டு. இதற்கு நேர் எதிரான விந்தையும் உண்டு. சர்க்கார் ஊழியர் மீதுள்ள ஒழுங்கு நடவடிக்கைகளில் பப்ளிக் சர்வீஸ் கமிஷனைக் கலந்துகொள்ள வேண்டும் என்று அரசியல் சாஸனத்தின் 320-வது விதி ‘ஷால்’ போட்டே சொல்கிறது. கலந்துகொள்ளாவிட்டாலும் நடவடிக்கை செல்லும் என்று 1957-ல் அதே கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. ‘மே’ என்றால் ‘வேண்டும்’. ‘ஷால்’ என்றால் ‘விட்டாலும் பாதகமில்லை’. இதைக் கேட்கும் சாதாரண மனிதன், பின்னே எழுதி வைப்பதுதான் எதற்கு என்று கேட்டால் அவனைக் கோபிக்க நியாயமில்லை.

ராஷ்டிரபதியின் அதிகார விஷயத்திலும் இதே சிக்கல் எழுந்தது. அவருக்கு உதவிபுரிந்து ஆலோசனை கூற மந்திரிசபை இருக்க வேண்டும் என்று 74-வது விதி கூறிற்றேயன்றி, அந்த ஆலோசனைப்படி அவர் நடக்க வேண்டும் என்று வெளிப்படையாக எழுதவில்லை. ராஜேந்திர பிரசாத் 1960 நவம்பரில் இந்தக் கேள்வியை ஆராயவேண்டுமென்று பகிரங்கமாகவே பேசினார். 1976-ல் 42-வது திருத்தம் அங்கே ஒரு ‘ஷால்’ கொண்டுவந்து வைத்துக் கேள்வியை மூடியது. 1978-ல் 44-வது திருத்தம் ஒரு ‘மே’யைச் சேர்த்தது: ஆலோசனையை மீண்டும் யோசிக்கும்படி ராஷ்டிரபதி மந்திரிசபையைக் கேட்கலாம், மறுபடியும் அதையே சொன்னால் அதன்படி நடக்க வேண்டும். ‘மே’யும் ‘ஷால்’உம் அடுத்தடுத்து உட்கார்ந்து ஒன்றன் எல்லையை மற்றொன்று காட்டும் அழகான இடம் அது. இரண்டு சொற்களையும் இவ்விதம் யோசித்து வைத்தால் சண்டைக்கு இடமில்லை.

யோசித்துத்தான் வைக்கிறார்கள், ஆனால் நமக்காக அல்ல, என்ற சந்தேகம் இந்தியனுக்குப் பழைய அநுபவத்தால் வந்தது. மதத்தினாலோ, பிறந்த இடத்தினாலோ, குலத்தினாலோ, நிறத்தினாலோ எந்த இந்தியனும் உத்தியோகத்துக்குத் தகாதவனாகக் கூடாது என்று 1833-ம் வருஷத்துச் சட்டம் ‘ஷால்’ போட்டுக் கூறியது. 1858 நவம்பர் 1-ந் தேதி கானிங் பிரபு அலஹாபாத்தில் வாசித்த விக்டோரியா மகாராணியின் பிரகடனம் அதையே இன்னும் கம்பீரமாகக் கூறியது. ஆனால் நடுவில் ‘ஸோ பார் ஆஸ் மே பி’ என்று ஒரு சிறு தொடர். கூடிய மட்டில் என்று பொருள். கூடிய மட்டு எது என்று அளப்பவர் யார்? அளக்கும் கோல் லண்டனில் இருந்தது. பரீட்சை லண்டனில் மட்டுமே நடந்தது. 1863-ல் சத்தியேந்திரநாத தாகூர் அங்கே போய்த் தேறினார். பரீட்சைக்குரிய வயதின் உச்ச வரம்பை 1870-களில் 21-லிருந்து 19-ஆகக் குறைத்தார்கள். பத்தொன்பது வயதுக்குள் கடல் கடந்து போய் அன்னிய பாஷையில் போட்டியிடக் கூடியவன் எத்தனை பேரில் ஒருவன்? இரண்டு தேசங்களிலும் ஏககாலத்தில் பரீட்சை நடத்தலாம் என்று 1893-ல் காமன்ஸ் சபையே தீர்மானம் நிறைவேற்றியது. சர்க்கார் அதைக் கவனிக்கவில்லை. இந்திய மண்ணில் முதல் ஐ.சி.எஸ். பரீட்சை நடந்தது 1922-ல். பிரகடனத்துக்கும் அதற்கும் இடையே அறுபத்து நான்கு வருஷங்கள். இவ்வளவு காலமும் மகாராணியின் வாக்கு பொய்த்துவிட்டது என்று யாரும் வழக்காட முடியாது. ‘கூடிய மட்டில்’ என்றுதானே வாக்களித்தார்!

இந்தப் பின்னணியில் 1963-ஐப் பார்க்க வேண்டும். யூனியனின் ஆட்சி மொழி ஹிந்தி என்றும், சாஸனம் அமுலுக்கு வந்து பதினைந்து வருஷம் வரை ஆங்கிலமும் நீடிக்கும் என்றும் 343-வது விதி ஏற்படுத்தியது. பதினைந்து வருஷம் 1965 ஜனவரி 26-ல் முடிகிறது. அதற்குப் பிறகு ஆங்கிலத்தை வைத்துக்கொள்ளப் பார்லிமெண்டு சட்டம் செய்யலாம் என்று அதே விதியின் மூன்றாம் பிரிவு கூறியது. அதுவும் ஒரு ‘மே’. ஹிந்தி பேசாத மக்கள் விரும்பும் வரையில் ஆங்கிலம் நீடிக்கும், அதைத் தீர்மானிக்கும் உரிமை அவர்களுக்கே என்று பண்டித நேரு 1959 ஆகஸ்டில் லோக்சபையில் வாக்குறுதி அளித்தார். அந்த வாக்குறுதியைச் சட்டமாக்குவதற்கென்று வந்ததே 1963-ம் வருஷத்து ஆட்சி மொழிகள் மசோதா. அதன் மூன்றாவது பிரிவில், குறித்த நாளுக்குப் பிறகும் ஹிந்தியோடு ஆங்கிலமும் தொடர்ந்து உபயோகிக்கப்படலாம் என்று எழுதியிருந்தார்கள். ‘மே கன்டின்யூ’. ‘ஷால் கன்டின்யூ’ அல்ல.

திராவிட முன்னேற்றக் கழகத்தார் இச்சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். ராஜ்யசபையில் அங்கத்தினராயிருந்த ஸ்ரீ அண்ணாதுரை அதற்குத் தலைமை வகித்தார். ‘மே’ என்பதற்குள்ளே ‘மே நாட்’ என்பதும் அடங்கியிருக்கிறது. இன்று உபயோகிக்கலாம் என்கிற சர்க்கார் நாளைக்கு உபயோகிக்காமலும் இருக்கலாம். சட்டம் குறுக்கே நிற்காது என்பது அவர்கள் வாதம். இந்த இடத்தில் இரண்டு சொற்களுக்கும் ஒரே பொருள்தான் என்று பண்டித நேரு சமாதானம் கூறினார். ஒரே பொருளானால் ‘ஷால்’ என்றே போட்டுவிடுவதில் என்ன தடை என்று இவர்கள் திருப்பிக் கேட்டார்கள். இந்தக் கேள்விக்குத் திருப்தியான விடை அன்றும் வரவில்லை, பிறகும் வரவில்லை என்பது நமது அபிப்பிராயம். இரண்டு சொற்களும் ஒன்றேயானால், எதிராளி கேட்கும் சொல்லைக் கொடுத்துவிடுவதில் கொடுப்பவருக்கு நஷ்டமில்லை. கொடுக்க மறுக்கிறார் என்றால் ஒன்றல்ல என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். அல்லது அவருக்குப் பின்னால் நிற்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மறுபுறத்தில் ‘மே’ என்று கூட எழுதக்கூடாது, ஆங்கிலம் உடனே போகவேண்டும் என்று வடக்கே பலர் முழங்கிக்கொண்டிருந்தார்கள். இரு பக்கத்தாருக்கும் இரண்டு விதமாக அர்த்தம் சொல்லக்கூடிய ஒரு சொல் அன்றைய சர்க்காருக்குத் தேவையாயிருந்தது. பண்டித நேருவின் மனத்தில் கபடமிருந்ததென்று நாம் கூறமாட்டோம். ஆனால் மனத்திலிருப்பதைச் சட்டம் அறியாது. ஒரு தலைவரின் வாக்குறுதி அவரோடு வாழ்வது. சட்டத்தின் சொல் அவருக்குப் பிறகும் வாழ்வது. 1964 மே 27-ல் அவர் காலமானார். சட்டப் புஸ்தகத்தில் ‘மே’ மட்டும் இருந்தது.

அடுத்து நடந்ததை இந்நாட்டில் அறியாதவர் இல்லை. 1965 ஜனவரி 26-க்கு முன்னும் பின்னுமாகத் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் கொந்தளித்தன. சிலர் தம் உடலுக்குத் தாமே தீயிட்டுக்கொண்டார்கள். துப்பாக்கிப் பிரயோகங்கள் நடந்தன. உத்தியோகக் கணக்கின்படியே 70 பேர் அளவில் மாண்டார்கள். ஸ்ரீ சி. சுப்பிரமணியமும் ஸ்ரீ ஓ.வி. அளகேசனும் பிப்ரவரியில் தங்கள் மத்திய மந்திரி பதவிகளை ராஜிநாமாச் செய்தார்கள். பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி ரேடியோவில் பேசி, நேருவின் வாக்குறுதியை மறுபடியும் உறுதி செய்தார். ஒரு சொல்லுக்காக மட்டும் இவ்வளவும் நடந்தது என்று நாம் சொல்லவில்லை. உத்தியோகம், பரீட்சை, சுயமரியாதை என்று அதற்குப் பின்னே எத்தனையோ இருந்தன. ஆனால் அத்தனை பயங்களும் வந்து குடியேறுவதற்கு அந்தச் சொல்லில் இடமிருந்தது.

1967 டிசம்பரில் பார்லிமெண்டு திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. 1968 ஜனவரியில் அது சட்டமாயிற்று. அதை வாசித்துப் பார்ப்பவர் சட்டம் எழுதுகிறவர்களின் பிடிவாதத்தைக் கண்டு புன்னகை செய்வார். மூன்றாவது பிரிவின் முதல் வாக்கியத்தில் ‘மே’ அப்படியே வீற்றிருக்கிறது. அதன் கீழே ஒரு நிபந்தனை சேர்க்கப்பட்டது: ஹிந்தியை ஆட்சி மொழியாக ஏற்காத ராஜ்யத்துக்கும் யூனியனுக்கும் நடக்கும் கடிதப் போக்குவரத்தில் ஆங்கிலமே உபயோகிக்கப்பட வேண்டும். இங்கே ‘ஷால்’. தீர்மானங்கள், பொது உத்தரவுகள், விதிகள், ஒப்பந்தங்கள், லைசென்சுகள், டெண்டர் நோட்டீஸுகள் ஆகியவற்றுக்கு இரண்டு பாஷைகளும் உபயோகிக்கப்பட வேண்டும். அங்கேயும் ‘ஷால்’. இந்த ஏற்பாட்டை எப்போது நிறுத்தலாம்? ஹிந்தியை ஏற்காத ராஜ்யங்கள் அத்தனையின் சட்டசபைகளும் நிறுத்தலாம் என்று தீர்மானம் செய்து, அவற்றைக் கவனித்த பின் பார்லிமெண்டின் இரு சபைகளும் தனித்தனியே தீர்மானம் செய்யும் வரையில் நிறுத்த முடியாது. அதாவது, ‘மே’ என்ற சொல்லை அழிக்காமலேயே அந்த ‘மே’ யார் கையில் இருக்கிறது என்பதை எழுதிவிட்டார்கள். 1963-ல் கேட்டது அதுதான். திருத்தம் நிறைவேறிய காலத்தில், அன்று ராஜ்யசபையில் அதைக் கேட்டவர் சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியாக இருந்தார்.

தமிழ் 1956-ம் வருஷத்துச் சட்டத்தினால் இந்த ராஜ்யத்தின் ஆட்சி மொழியாகி நெடுங்காலமாயிற்று. நமது சட்டங்களின் தமிழாக்கங்களில் ‘ஷால்’ என்பதற்குச் ‘செய்தல் வேண்டும்’ என்றும், ‘மே’ என்பதற்குச் ‘செய்யலாம்’ என்றும் பொதுவாக எழுதுகிறார்கள். சட்டத்துக்கு அது போதும். தகராறு வந்தால் கோர்ட்டு இருக்கிறது. நோட்டீஸுகளின் விஷயம் அப்படியல்ல. ‘நிதி இருப்பின் உதவித்தொகை வழங்கப்படலாம்’ என்று ஒரு பஞ்சாயத்துப் பலகையில் ஒட்டியிருந்தால், நிலத்தை ஆடு மேய்ந்தாற் போல் வெள்ளம் மேய்ந்துவிட்ட விவசாயி என்ன அறிந்துகொள்கிறான்? கேட்டால் கிடைக்கும் என்று அறிகிறானா, கிடைத்தாலும் கிடைக்கும் என்று அறிகிறானா? ‘பாதிக்கப்பட்டவர்கள் விண்ணப்பிக்கலாம்’ என்று அதே பலகையில் மற்றொரு வரி. இது அவனுக்கு உள்ள உரிமை. முதல் வரி ஆபீஸருக்கு உள்ள சுதந்தரம். இரண்டுக்கும் ஒரே ‘லாம்’. முதல் வரியை ‘வழங்குவதா இல்லையா என்பதைத் தாசில்தார் தீர்மானிப்பார்’ என்றும், இரண்டாவதை ‘விண்ணப்பிக்க உரிமையுண்டு, பதில் பதினைந்து நாளில் எழுத்து மூலம் தரப்படும்’ என்றும் எழுதுவதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. அப்படி எழுதினால் விவசாயி யாரிடம் போய் நிற்க வேண்டும் என்பதும், எத்தனை நாளைக்குப் பிறகு கோபித்துக்கொள்ளலாம் என்பதும் அவனுக்குத் தெரிந்துவிடும். தாசில்தாருக்கும் அது தெரியும்.